தேன் தேளாகலாமா? கொட்டை எழுத்தும் நம் கடைப் பலகையும்

மே 5, வணிகர் தினம். அன்று நம் ஊர்களில் கடைகள் அடைத்திருக்கும். மாநாட்டுக்குப் போக முடியாமல் ஊரிலேயே தங்க நேர்ந்த ஓராண்டு, நாம் கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பிலிருந்து கடைத்தெருவைச் சுற்றி வந்தோம். ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வாசலில் மூட்டை இல்லை, தொங்கும் பாக்கெட் சரம் இல்லை, கல்லாவில் ஆள் இல்லை. கடைக்காகப் பேச அன்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, அதன் பெயர்ப்பலகை.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் நம் கண்ணில் பட்டது. நாற்பது ஆண்டுக்கு முன் எனாமல் பெயிண்டில் எழுதிய ஒரு தகரப் பலகை, நிறம் மங்கிப் போயும் தெருமுனையிலிருந்தே படிக்க முடிந்தது. அதில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்றே இன்னும் இருந்தது. 1993 செப்டம்பர் கடைசியில் நாம் விழுப்புரம் மாவட்டத்தாரானோம். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகவே தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டு மாவட்டம் மாறியும் அந்தப் பலகை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு கடை தள்ளி, அண்மையில் மாட்டிய பளபளப்பான பெரிய பலகை. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல் உயரம், கை அகலத் தடிமன். ஆனால் பக்கத்தில் போய் நின்ற பிறகே அது என்ன கடை என்று நமக்குப் புரிந்தது.

பெரிதாகவும் தடிப்பாகவும் எழுதினால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம் வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

காம்பஸும் ஸ்கேலும் செய்த எழுத்து

நாம் ‘கொட்டை எழுத்து’ என்று சொல்வதில் ஒரு வகை, வட்டம், சதுரம், நேர்கோடு ஆகிய வடிவங்களைக் கொண்டே கட்டப்பட்டது. கையெழுத்தின் ஏற்ற இறக்கம் அதில் இருக்காது. ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து காம்பஸ் வைத்துப் போட்ட முழு வட்டம். கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமன். இதைத் தொழில் அறிந்தவர்கள் வடிவியல் எழுத்து என்பார்கள்.

இது பெயர் பெற்றது ஜெர்மனியில். அங்கே பௌஹௌஸ் என்ற கலைப்பள்ளி 1919இல் தொடங்கியது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஹெர்பர்ட் பாயர், 1925 வாக்கில் வட்டத்தையும் நேர்கோட்டையும் மட்டுமே வைத்து ஓர் எழுத்து வரிசையை வரைந்தார். 1927இல் பால் ரென்னர் என்பவர் வடிவமைத்த ‘பியூச்சுரா’ என்னும் அச்செழுத்து வெளிவந்தது. எதிர்காலம் என்பது அந்தப் பெயரின் பொருள். அதன் புகழ் எங்கெல்லாம் போனது தெரியுமா? 1969இல் சந்திரனில் இறங்கிய அப்போலோ 11 கலம் அங்கே விட்டு வந்த உலோகத் தகட்டில் உள்ள வாசகம் அந்த எழுத்தில்தான் பொறிக்கப்பட்டது.

விளம்பரக்காரர்கள் இதை விரும்பி எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. நேர்கோடும் வட்டமும் தூரத்திலும் கலைவதில்லை. தடிமன் கூட்டினால் சுவரொட்டியில் ஒரு சொல் தனித்துத் தெரியும். ஆனால் அந்த எழுத்துகளை உருவாக்கியவர்களே அவற்றின் மிகத் தடித்த வகைகளைத் தலைப்புக்கும் பெயருக்கும்தான் வைத்தார்கள். புத்தகம் அச்சடிக்க மெல்லிய வகையைத் தனியாகத் தந்தார்கள். தடித்த எழுத்து அடையாளம் காட்டுவதற்கு, மெல்லிய எழுத்து விவரம் படிப்பதற்கு. இந்த ஒரு பாகுபாட்டை நாம் மறந்தால் பலகைக்குக் கொடுத்த காசு வீண்.

நம் தமிழ் எழுத்துக்குப் பொருந்துமா?

ஓரளவு நன்றாகவே பொருந்தும். ‘ட’வைப் பாருங்கள். ஒரு செங்குத்துக் கோடு, ஒரு படுக்கைக் கோடு, அவ்வளவே. ‘ப’ மூடியில்லாத பெட்டி. ‘ங’, ‘ம’, ‘ய’ எல்லாம் கட்டம் போட்ட தாளில் எழுதக்கூடியவை. ‘பருப்பு’, ‘பட்டாணி’, ‘புட்டுமாவு’ போன்ற சொற்கள் கட்டை எழுத்தில் கம்பீரமாக நிற்பதற்கு இதுவே காரணம்.

பழைய பெயிண்டர்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். பலகைக்கு இரண்டு கோட் அடித்துக் காய விடுவார்கள். சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுண்டி மேல்கோடு, கீழ்கோடு போடுவார்கள். பிறகு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணி, எந்த எழுத்து அகலம், எந்த எழுத்து ஒடுக்கம் என்று கணக்கிட்டுக் கட்டம் பிரிப்பார்கள். ‘ண’வுக்கும் ‘ஞ’வுக்கும் இரண்டு பங்கு இடம், ‘ர’வுக்கு அரைப் பங்கு என்பது போல. அதன் பிறகே தட்டைத் தூரிகையைக் கையில் எடுப்பார்கள்.

1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது அவர்கள் இந்தக் கணக்கை மாற்ற வேண்டி வந்தது. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்டு வந்த வடிவங்கள்தான் அவை. ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ நான்கும் அதற்குமுன் தும்பிக்கை போட்ட ஒற்றை எழுத்தாக இருந்தன. ‘ணா’, ‘றா’, ‘னா’வும் அப்படியே. சீர்திருத்தத்துக்குப் பிறகு அவை இரண்டு துண்டாகி அதிக இடம் கேட்டன. ‘கடலை’ என்று எழுத முன்பைவிட ஓர் எழுத்து இடம் கூடுதலாக வேண்டும். ஆனால் வடிவம் எளிதானதால் கட்டை எழுத்துக்கு அது வசதியும் ஆயிற்று.

தொல்லை எங்கே வருகிறது?

தமிழில் சுழி உண்டு, புள்ளி உண்டு, கொக்கி உண்டு. இவற்றில்தான் பொருளே இருக்கிறது. எழுத்தைத் தடிப்பாக்கும்போது மை உள்ளே நுழைந்து இந்தச் சுழிகளை அடைத்துவிடுகிறது.

கல்வராயன் மலையிலிருந்து வரும் தேனை எடுத்துக்கொள்வோம். புட்டியில் ஒட்டும் சீட்டில் ‘தேன்’ என்று மிகத் தடித்த எழுத்தில் அச்சடித்தால், ‘ன’வின் சுழி அடைபட்டு ‘ள’ போலத் தோன்றும். நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது ‘தேள்’! பார்ப்பவர் சிரித்துவிட்டுப் போனால் கெடுதல் இல்லை. வாங்காமல் போய்விட்டால்?

இப்படி மளிகைக் கடையில் அன்றாடம் புழங்கும் சொற்களிலேயே பல கண்ணிகள் இருக்கின்றன.

‘சரக்கு’ என்ற சொல்லில் ‘ர’வின் அடிக்கோட்டை அழகுக்காக வெட்டிவிட்டால் அது கால் போல ஆகிவிடும். ‘மொத்தச் சரக்கு’ அப்போது ‘மொத்தச் சாக்கு’ ஆகிறது. நாம் சாக்கு வியாபாரி என்று எண்ணி ஒருவர் உள்ளே வந்தாலும் வருவார்.

‘எண்ணெய்’ என்பதில் மூன்று சுழி ‘ண’ இரண்டு இடத்தில் வருகிறது. சுழிகள் அடைபட்டால் ‘என்னெய்’ என்று படிக்கும்படி ஆகும். ‘வெண்ணெய்’க்கும் இதே கதி.

‘பழம்’ என்பதில் ‘ழ’வின் வால் சரியாக இறங்காவிட்டால் ‘பமும்’ ஆகும்.

‘பட்டை’, ‘முட்டை’, ‘பொட்டுக்கடலை’ ஆகியவற்றில் புள்ளி காணாமற்போனால் சொல்லே குலையும். தடித்த எழுத்தில் புள்ளிக்கு இடம் ஒதுக்காமல் எழுத்தின் தலையோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அது எழுத்தின் ஒரு முனையாகவே தெரிகிறது.

எண்களிலும் இதே கதைதான். தடித்த 3, 6, 8 மூன்றும் தூரத்தில் ஒன்றுபோல் தெரியும். விலைப்பலகையில் 36 ரூபாய் என்று எழுதியது 38 என்று படிக்கப்பட்டால் ஆள் நின்று கேட்காமல் அடுத்த கடைக்குப் போவார். 38ஐ 36 என்று படித்துக்கொண்டு வந்தால் கல்லாவில் வாக்குவாதம்.

இந்தத் தொல்லை இன்றைக்கு வந்ததன்று. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். எது குறில், எது நெடில், எது மெய் என்று படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார வேறுபாட்டைக் குறியீட்டால் தெளிவாக்கியது இந்தக் குழப்பம் தீரத்தான். அத்தனை பேர் பாடுபட்டுத் திருத்திக் கொடுத்த எழுத்தை, தடிமன் மோகத்தால் நாம் மறுபடியும் குழப்பக் கூடாது.

எத்தனை அடி தூரத்துக்கு எத்தனை அங்குலம்?

பலகைத் தொழிலில் ஒரு கணக்கு புழங்குகிறது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து உயரம் இருந்தால் சிரமமின்றிப் படிக்கலாம். அப்படியானால் நூறடி தூரத்திலிருந்து படிக்கப் பத்து அங்குலம் வேண்டும். இது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்ன கணக்கு. நம் எழுத்தில் மேலே கொக்கியும் கீழே சுழியும் வருவதால், பத்து அங்குலம் என்பதை எழுத்தின் உடலுக்கு மட்டும் கொள்ள வேண்டும். மூன்றடி உயரப் பலகையில் விளிம்பு, மேல்கொக்கி, கீழ்ச்சுழி எல்லாம் போக உடலுக்கு ஒன்றரை அடி மிஞ்சினால் அதிகம்.

இனி வேகக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 36 அடி கடக்கும். நூறடியில் தெரியத் தொடங்கும் பலகையைப் படிக்க, ஜன்னலோரம் இருப்பவருக்குக் கிடைப்பது மூன்று விநாடிக்கும் குறைவே. மூன்று விநாடியில் ஒருவர் இரண்டு மூன்று சொல் படிப்பார். நம் பலகையில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெயர், முன்னோர் பெயர், தொழில், மொத்தம், சில்லறை, கிளை, இரண்டு கைப்பேசி எண், எண்ணெய்க் கம்பெனியின் படம், அத்தனையும் கொட்டை எழுத்தில்! எல்லாமே உரக்கக் கத்தினால் எதுவுமே காதில் விழாது. சந்தையில் நாமே அறிந்த விஷயம் இது.

சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் புறவழிச் சாலைகள் வந்த பிறகு, வழிப்போக்கர் வியாபாரம் பல ஊர்களில் மெலிந்தது. ஊருக்குள் வரும் வாகனமும் நிற்க இடம் தேடி மெதுவாகத்தான் ஊர்கிறது. அந்த ஆளைப் பிடிக்க வேண்டியது பெயரும் தொழிலும் மட்டுமே. மற்ற விவரம் அவர் கடை வாசலில் இறங்கிய பிறகு படிக்கட்டும்.

மூட்டை மார்க்கா சொல்லும் பாடம்

மொத்த வியாபாரிகளுக்கு இதெல்லாம் புதிதன்று. மூட்டையில் போடும் மார்க்காவை நினைத்துப் பாருங்கள். தகட்டில் எழுத்தை வெட்டி, சாக்கின் மேல் வைத்து, மை தோய்த்த தூரிகையால் தட்டி எடுப்பது. லாரி செட்டில் ஐம்பது பேர் சரக்கு கலந்து கிடந்தாலும் சுமைதூக்கும் தொழிலாளி நம் மூட்டையைப் பிரித்தெடுத்துவிடுவார். படிக்கத் தெரியாதவருக்கும் வட்டத்துக்குள் இரண்டெழுத்து, முக்கோணத்துக்குள் ஓரெழுத்து என்பது மனத்தில் நிற்கும். வடிவியல் எழுத்தின் முழுப் பயனும் இங்கே இருக்கிறது. குறைந்த எழுத்து, எளிய வடிவம், சுற்றிலும் வெற்றிடம்.

தகடு வெட்டுபவருக்கு ஒரு கட்டாயமும் உண்டு. ‘க’, ‘ச’ போன்ற எழுத்துகளின் மூடிய வயிற்றை அப்படியே வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். ஆகவே நடுவில் சிறு பாலம் விட்டு வெட்டுவார். அந்த இடைவெளியே எழுத்தை அடைபடாமல் காக்கிறது. பால் ரென்னரே 1929இல் வெளிவந்த ‘பியூச்சுரா பிளாக்’ என்னும் மிகத் தடித்த எழுத்தை இந்தத் தகட்டு எழுத்து முறையில்தான் அமைத்தார். நம் மண்டிகளில் கையால் செய்துவந்த வேலையை அங்கே அச்சில் வார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மலையடிவாரக் கடையில் நாம் கண்டது

கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் வழியாக மலையேறினால் கரியாலூர், அதற்கும் அப்பால் வெள்ளிமலை. மரவள்ளி, சாமை, புளி, கடுக்காய், நெல்லி, தேன் என்று மலையாளி மக்கள் விளைவித்தும் சேகரித்தும் கொண்டுவரும் பொருள்கள் கீழே இறங்குகின்றன. உப்பு, எண்ணெய், பருப்பு, சோப்பு, துணி மேலே ஏறுகின்றன. இந்தப் போக்குவரத்தில் நம் வணிகர்கள் பலருக்குப் பங்கு உண்டு.

அடிவாரத்தில் ஒரு கடையில் நாம் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். வாசலில் கரும்பலகை. இடப்பக்கம் ‘வாங்கும் விலை’, வலப்பக்கம் ‘விற்கும் விலை’. தலைப்பு இரண்டும் கொட்டை எழுத்து. கீழே பொருள் பெயர்கள் நிதானமான எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு. எண்கள் திருத்தமாக, தனித்தனியாக. மலையிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர், பேத்தியைக் கூட்டி வந்து பலகை முன் நிறுத்தினார்.

“படிச்சுச் சொல்லு கண்ணு, புளி என்ன போட்டிருக்கு?”

அந்தப் பெண் படித்துச் சொன்னது. பெரியவர் தலையாட்டிவிட்டு மூட்டையை இறக்கினார். கடைக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிறகு நாம் கடைக்காரரிடம் கேட்டோம், இவ்வளவு பொறுமையாகத் தினமும் எழுத நேரம் இருக்கிறதா என்று. “அண்ணே, அவங்க என்னை நம்ப வேண்டாம், பலகையை நம்பினாப் போதும். புரியாத மாதிரி எழுதினா மறைக்கிறேன்னுதானே நினைப்பாங்க?” என்றார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தடுக்காமல் படித்தால்தான் அது விலைப்பலகை. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், அந்த வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத்தான் நாம் எழுத வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

பெயிண்டர்கள் இருந்த இடத்தை இன்று பிளக்ஸ் கடைகள் பிடித்துக்கொண்டன. ஒரு மணி நேரத்தில் பலகை தயார். ஆனால் நூல் சுண்டிக் கட்டம் பிரித்த அந்தக் கணக்கு காணாமற்போயிற்று. பெயர் நீளமாக இருந்தால், கம்ப்யூட்டரில் மௌஸைப் பிடித்து எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிவிடுகிறார்கள். செங்குத்துக் கோடு மெலிந்து, படுக்கைக் கோடு தடித்து, சுழி நசுங்கி, எழுத்து நோஞ்சானாகிறது. போதாததற்குச் சுற்றிலும் வெள்ளைக் கரை, அதைச் சுற்றிக் கறுப்பு நிழல். இருக்கிற சிறு இடைவெளியும் அடைந்துபோகிறது.

எழுத்துரு விஷயத்தில் இன்று நமக்கு நல்ல காலம். முன்பு தட்டச்சு நிலையங்களில் ஒவ்வொருவரும் ஒரு குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துருக்களை வைத்திருந்தார்கள். ஒரு கடையில் செய்த நோட்டீஸை அடுத்த கடையில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு யூனிகோடில் அமைந்த, கட்டணமில்லாத தமிழ் எழுத்துருக்கள் பல வந்துள்ளன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’ ஒன்று. நம் ‘கட்டுமரம்’ என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த பெயர் அது. மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. மும்பையைச் சேர்ந்த ‘எக் டைப்’ குழுவினரின் ‘பாலூ தம்பி’ உருண்டு திரண்ட எழுத்து, இனிப்புக் கடைக்கும் பிள்ளைகள் பொருளுக்கும் பொருந்தும். அதே குழுவின் ‘முக்த மலர்’ விவரம் எழுத ஏற்றது. 2022இல் வந்த ‘அநேக் தமிழ்’ தடிமனில் மட்டுமன்றி அகலத்திலும் பல வகை கொண்டது. இடம் குறைவானால் எழுத்தை அமுக்க வேண்டியதில்லை, அதன் ஒடுக்கமான வகையை எடுத்துக்கொள்ளலாம். சுழி நசுங்காதபடி வரைந்தவரே பார்த்துச் செய்திருப்பார்.

இவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை. கடைப் பலகைக்கும் பாக்கெட்டுக்கும் விளம்பரத்துக்கும் காசின்றிப் பயன்படுத்தலாம். உரிமம் வாங்காத எழுத்துருவில் பிராண்டு பெயரை அச்சடித்து, பிறகு வழக்கு வம்பு என்று அலைய வேண்டாம். பலகைக்கு ஆர்டர் தரும்போது, “இந்த எழுத்துரு எந்த உரிமத்தில் இருக்கிறது?” என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒருமுறை தேர்ந்த எழுத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். ‘ஐக்கியா’ என்ற உலகளாவிய மரச்சாமான் நிறுவனம் நெடுங்காலம் பியூச்சுரா வகை எழுத்தையே பயன்படுத்தி வந்தது. 2009இல் அதை விட்டு வேறு எழுத்துக்கு மாறியபோது பல நாடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. எழுத்தையா கவனிக்கப் போகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். வாடிக்கையாளர் கவனிக்கத்தான் செய்கிறார். பை, பில், பலகை, பாக்கெட் நான்கிலும் பெயர் ஒரே வடிவில் இருந்தால், பத்தாண்டில் அந்த வடிவமே நம் முதலாகிவிடும்.

சட்டமும் எழுத்தும்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அதன் 1948ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி பெயர்ப்பலகையைப் பற்றியது. பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும். பிற மொழியும் சேர்த்தால் தமிழ் முதலிடத்தில், ஆங்கிலம் இரண்டாவது, மற்ற மொழி அதற்கடுத்து. 5:3:2 என்ற அளவில் இடம் ஒதுக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆங்கிலப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, தமிழைக் கீழ் மூலையில் கடுகாக வைப்பது விதிக்கும் ஒவ்வாது, வியாபாரத்துக்கும் ஒவ்வாது.

பொட்டலம் போட்டு விற்பவர்களுக்கு 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள் உண்டு. எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலியவற்றின் எழுத்து உயரத்தை அவை வரையறுக்கின்றன. எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. ‘1’ போன்ற ஒல்லியான உருக்களுக்கு மட்டும் விலக்கு. எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவது அழகுக் குறை மட்டுமன்று, பொட்டலத்தில் அது விதிமீறலும் ஆகலாம். உணவுப் பொருளுக்குரிய 14 இலக்க உரிம எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். அபராதம் கட்டும் பணத்தில் நல்ல அச்சு எழுத்தில் சீட்டே அடித்துவிடலாம்.

பலகைக்கு ஆர்டர் தருமுன்

நாம் கண்டதையும் கேட்டதையும் தொகுத்துச் சில யோசனைகள்.

1. கொட்டை எழுத்தைப் பெயருக்கு மட்டும் வையுங்கள். தொழிலை அதில் பாதி உயரத்தில், ஒரு படி மெல்லிய எழுத்தில் எழுதுங்கள். முகவரி, கைப்பேசி எண் கீழே சாதாரண எழுத்தில்.

2. பெயரை ஓர் அங்குல உயரத்தில் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பத்தடி, இருபதடி, முப்பதடி தள்ளி நின்று பாருங்கள். உங்களுக்குப் பெயர் தெரியும், ஆகவே உங்கள் கண்ணை நம்பாதீர்கள். பெயர் தெரியாத ஒருவரை, முடிந்தால் ஒரு பள்ளிப் பிள்ளையை, படிக்கச் சொல்லுங்கள்.

3. ண, ன, ள, ழ, ர இவற்றைத் தனித்தனியே சோதியுங்கள். சுழிக்குள் வெளிச்சம் தெரிய வேண்டும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி வேண்டும்.

4. வெளிர் நிறத்தின் மேல் அடர்நிறம், அல்லது அடர்நிறத்தின் மேல் வெளிர் நிறம். மஞ்சளில் கறுப்பு, நீலத்தில் வெள்ளை நன்கு எடுபடும். பச்சையில் சிவப்பு வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் பலருக்கு உண்டு.

5. இரவில் எரியும் எழுத்தானால் ஒரு படி மெல்லியதாகவே எடுங்கள். வெளிச்சம் பரவித் தானே தடிப்பாகத் தெரியும். பகலிலேயே தடித்த எழுத்து, விளக்குப் போட்டால் வெறும் ஒளிக்கட்டியாகிவிடும்.

6. பலகையின் நான்கு பக்கமும் வெற்றிடம் விடுங்கள். காலி இடத்துக்கும் காசு கொடுத்திருக்கிறோமே என்று அதை நிரப்ப வேண்டாம். அந்த இடம்தான் எழுத்தைத் தூக்கிக் காட்டுகிறது.

7. வசதியுள்ளவர்கள் மரப்பலகையையும் எண்ணிப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் ஊர்ச் சிற்பிகளின் உளியில் நம் கடைப் பெயர் அமைந்தால் அது ஊருக்கும் பெருமை. உளியால் வெட்டும் எழுத்தில் சுழியும் அடைபடாது.

முடிவாக ஒரு சொல்

பெரிய நகரங்களிலிருந்து வரும் சங்கிலிக் கடைகள் எழுத்துக்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. எந்த ஊரில் பார்த்தாலும் அவர்கள் பலகை ஒன்றுபோலவே இருக்கும். நம்மிடம் அந்த வசதி இல்லை. நம்மிடம் இருப்பது, வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கமும், அளவில் சுத்தமும், விலையில் ஒளிவுமறைவின்மையும். அவற்றை வெளியில் நிற்பவருக்குச் சொல்லும் வாய் நம் பலகைதான். அது கத்த வேண்டியதில்லை, தெளிவாகச் சொன்னால் போதும்.

வணிக நண்பர்களே, இன்றிரவு கடையடைத்த பிறகு சாலையின் எதிர்ப்புறம் போய் நின்று உங்கள் பலகையை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். முதல்முறையாக இந்த ஊருக்கு வந்தவர் போலப் பாருங்கள். அதில் உள்ள தேன் தேனாகவே தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.